பயனர் எண் ஒன்று

பெல்லந்தூர், ஆறாவது மாடி.
கண்ணாடிக் கதவுக்குக் காந்தப் பூட்டு மாட்டி முடித்தேன்.
இருநூற்றெண்பது கிலோ இழுத்தாலும் அசையாது.

சோதிக்க ஒரு விரல் வேண்டும்.
எப்போதும் என்னுடையதுதான்.
பயனர் எண் ஒன்று: நான்.
பச்சை. கிளிக்.
முதலாளிக்கும் முன்னால்
ஏழு முறை உள்ளே போய் வந்தேன்,
அதில் ஒன்று சும்மா.

பிறகு அழித்தேன். அதுதான் விதி.
'பயனர் இல்லை' என்றது திரை.

லிஃப்டில் இறங்கும்போதுதான் ஞாபகம்:
டெஸ்டர் உள்ளே,
யாருடைய மேசை மேலோ.

திரும்ப ஏறி விரலை வைத்தேன், பழக்கத்தில்.
சிவப்பு.
நான் மாட்டிய பூட்டு
நன்றாகவே வேலை செய்கிறது.

காவலாளி ஹரேன் போரா
நீள நோட்டை என் பக்கம் திருப்பினார்.
பெயர். நேரம். யாரைப் பார்க்க.
மூன்றாவது கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

'கதவை' என்று எழுதினேன்.