பாங்கோர்

ஒன்பது பன்னிரண்டுக்கு அம்பு நின்றது.
இடது திரையில் வடிகால் வரைபடம்,
வலது திரையில் மழையளவு அட்டவணை,
இரண்டுக்கும் கீழே
மூடிவைத்த மடிக்கணினி.
காத்ர் போர்ன் பின்தெருக்களுக்காக
நான் இழுத்து வந்த நீலக் கோடு
பாலத்துக்கு முன்னால்
பாதியில் நிற்கிறது.
தண்ணீர் இனி எந்தப் பக்கம் போகும் என்பதை
நகரசபைக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

எதிர் மேசையிலிருந்து ஜிஸ்லேன் எட்டிப் பார்க்கிறாள்.
"லி மோர்?"
செத்துப்போச்சா என்கிறாள், கிரியோலில்.
"பாங்கோர்."
இன்னும் இல்லை.

விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கைத் தட்டுகிறேன்.
சின்ன விளக்கு எரிகிறது, அணைகிறது.
மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கும்
வைத்தியம்தான்.

முதல் வாரம் இதெல்லாம் தெரியாது.
பவர் பொத்தானைப் பத்து நொடி அமுக்கிக்
கழுத்தை நெரித்தேன், தினமும்.
சேமிக்காத மூன்று வாய்க்கால்கள்
அப்படித்தான் தூர்ந்துபோயின.

இரண்டாம் வாரம் செல்வராஜென் போனில் சொன்னான்:
ஆல்ட்டையும் சிஸ்ரெக்கையும் பிடித்துக்கொண்டு
ஆர், ஈ, ஐ, எஸ், யூ, பி.
அவசரப்படாதே,
ஒவ்வொன்றுக்கும் மூச்சு விடு.
ஆறெழுத்து மந்திரம்
நம் வீட்டுக்குப் புதிதா என்று சிரித்தான்.
லினக்ஸ் கண்ணியமாகப் படுத்தது.
எழுந்து மறுநாள்
அதே நேரத்துக்கு உறைந்தது.

மூன்றாம் வாரம்தான்
கைப்பேசியிலிருந்து எஸ்எஸ்எச் போட்டுப் பார்த்தேன்.
கதவு திறந்தது!
உள்ளே எல்லோரும் வேலையாக இருந்தார்கள்.
மழைக்கணக்கு ஓடிக்கொண்டிருந்தது,
கடிகாரம் சரியாக இருந்தது,
நான் கேட்டுக்கொண்டிருந்த பாட்டுக்குக்கூட
இன்னும் நாற்பது நொடி மீதி இருந்தது.
திரைக்குச் சொல்லும் ஒருத்தன் மட்டும்
வாயடைத்து நின்றான்.
இவ்வளவு நாளும் நான் கொன்றது
உயிரோடிருந்ததை.

லாக்கைப் படித்தேன்.
ஒன்பது பதினொன்று ஐம்பத்தெட்டு: டாக் போனது.
ஒன்பது பதினொன்று ஐம்பத்தெட்டு: டாக் வந்தது.
வாசலில் செருப்பைக் கழற்றி
உள்ளே வராமலே
திரும்ப மாட்டிக்கொண்ட விருந்தாளி.
அவரை வரவேற்கப் போன டிரைவர்தான்
நடுக்கூடத்தில் தட்டோடு நிற்கிறான்.

சந்தேகப் பட்டியல் போட்டேன்.
கேபிள், அது டாக்கோடு வந்ததில்லை.
கெர்னல், போன மாதம் நானாக ஏற்றியது.
அப்புறம் ஜிஸ்லேனின் கெட்டில்.
டாக் இருக்கும் அதே பலகையில் சொருகி
காலை ஒன்பது பன்னிரண்டுக்கு
வனிலா டீக்குத் தண்ணீர் வைப்பாள்.
வாக்வாவிலிருந்து நனைந்து வருகிறவளிடம்
இதை எப்படிக் கேட்பது?

கேட்டேன்.
அதே மதியம் கேபிளை மாற்றினேன்.
அதே மதியம் பழைய கெர்னலுக்கு இறங்கினேன்.

பத்தொன்பது நாளாகிறது.
உறையவில்லை.
எதனால் என்று தெரியாது.
மூன்றையும் ஒரே மதியத்தில் மாற்றியவள்
எந்த மருந்தில் தேறினாள் என்று
சொல்ல முடியாத நோயாளி.
செல்வராஜென் திட்டினான்:
ஒன்றை மாற்று, ஒரு நாள் பார்,
அடுத்ததை மாற்று,
இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும்?
வேண்டாம்தான்.
ஆனால் மழை அவன் சொல்லும் வரிசையில் வருவதில்லை.
இரண்டாம் எச்சரிக்கை அறிவித்த நாள் அது;
எனக்குக் கோடு ஓட வேண்டியிருந்தது.

இப்போது கெட்டில்
நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில்,
தரையில் கொதிக்கிறது.
ஜிஸ்லேன் குனிந்து ஊற்றும்போதெல்லாம்
இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள்.
"பழைய இடத்துக்கே கொண்டு வரட்டுமா?"
என்கிறாள் இன்று காலை.

கோடு பாலத்தைத் தாண்டி
ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.
நான் திரையிலிருந்து கண்ணெடுக்காமல்
"பாங்கோர்" என்கிறேன்.
அவள் எனக்கும் ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போகிறாள்,
டாக்கிலிருந்து
ஒரு முழம் தள்ளி.