ஏர் எடுத்தல்

நாளைக்குத் தீர்ப்பு, தேன்கனிக்கோட்டை கோர்ட்டில்.
வாதி அண்ணன். பிரதிவாதி நான்.
பாகம் பிரிக்காமல் கிடப்பது
இந்த இண்டிகா ஒன்றுதான்.
விற்றால் பங்குக்கு ஒன்றும் தேறாது.

பேடு தேய்ந்து ஒரு மாதமாய்
இரும்போடு இரும்பு கத்தியது.
திம்மராயன் கடையில் புது செட் வாங்கி வந்தான்.
என் பாதியை பானெட் மேல் வைத்தேன்.
எண்ணிப் பார்த்துத்தான் எடுத்தான்.

முன்சக்கரம் இரண்டையும் அவனே முடித்தான்.
பின்னால் சிலிண்டர் கசிவு; வாஷர் மாற்றினான்.
அப்புறம் பெடலை மிதித்தால்
பஞ்சுமூட்டைபோல் இறங்குகிறது.
ஏர்.

உழுகிற ஏரை அப்பா செத்த வருஷமே
பிரித்துக்கொண்டோம். இது வேறு.
இதை எடுக்க இரண்டு ஆள் வேண்டும்.

ஒன்பது மாதம் பேசாதவன்
வண்டிக்கு அடியிலிருந்து சொன்னான்:
"அமுக்கு."
அமுக்கினேன்.
"புடி."
பிடித்தேன்.
காலடியில் பெடல் மெதுவாய் அமிழ்ந்தது.
"விடு."
மறுபடி. மறுபடி.
தண்ணி பாட்டிலுக்குள் டியூப் கொப்பளிப்பது
இங்கே சீட் வரைக்கும் கேட்டது.
"ஆயில் ஊத்து" என்றான் ஒருதரம்.
நாலு சக்கரத்துக்கும் சேர்த்து
எண்பது வார்த்தை இருக்கும்.

பெடல் கல்லாய் நின்றது.

வேஸ்ட் துணியில் விரல் விரலாய்த் துடைத்தபடி
ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னான்:
"போறப்ப ஏத்தம், பிரேக்குக்கு வேலையில்ல.
வர்றப்பதான்."

வருகையில்
எங்களில் ஒருத்தன் ஜெயித்திருப்பான்.
அஞ்செட்டி இறக்கம் முழுக்க
இரண்டு பேரும் இதே வண்டியில்.

யார் ஓட்டுவது என்று
அவனும் கேட்கவில்லை.