மொட்டு வீங்கும் வாரம்

டப்பாவில் எழுதியிருப்பது ஒரே வரி:
மொட்டு வெடிக்கும் முன் தெளிக்கவும்.
ஆங்கிலத்தில் ஒருமுறை, ஆஃப்ரிகான்ஸில் ஒருமுறை.
எந்த மொட்டு என்று இரண்டிலும் இல்லை.

நார்த்டேலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்
இரண்டு பீச் மரங்கள்.
கராஜ் சுவரின் சூட்டில் சாய்ந்து நிற்பது அவசரக்காரி.
துணிக்கொடி ஓரத்து மரம்
கடைசி பஸ்ஸுக்குக் கூட நடந்தே வரும்.

ஆடி பிறந்துவிட்டது.
புல்மேல் உறைபனி.
மாரியம்மனுக்கு ஊற்றிய கூழ்
வரிசை பாதி நகர்வதற்குள் ஆறிப்போகிறது.
தேடி விதைக்கச் சொன்ன பட்டத்தில்
நாங்கள் கையுறை மாட்டிக் கிளை வெட்டுகிறோம்.

போன வருடம் இந்த வாரத்தை
கிரேஸ் ஆஸ்பத்திரி பெஞ்சில் விட்டுவிட்டேன்.
தயாளனுக்குப் பித்தப்பை. பதினோரு நாள்.
திரும்பி வந்தபோது ஒவ்வொரு இலையும்
எண்ணெயில் விழுந்த அப்பளம்போல்
சிவந்து, தடித்து, தன்மேலேயே சுருண்டு.
சுருண்டபின் மருந்து கிடையாது.
மரம் பூத்ததா என்று கேட்டார்.
பூத்தது என்றேன்.
அது பொய்யில்லை.

இந்த வருடம் தினமும்
வேலைக்குக் கிளம்பும் முன் நகத்தால் தொட்டுப் பார்க்கிறேன்.
அரும்பு, மொட்டு, முகை, மலர் என்று
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒப்பித்தது
நாற்பது வருடம் கழித்து உதவிக்கு வருகிறது.
அரும்பில் தெளித்தால் வீண்.
முகையில் ஊசிமுனை அளவு சிவப்பு தெரிந்தால்
முடிந்தது.
நடுவில் இருக்கிற மொட்டுக்கு
நாலு நாளோ ஐந்து நாளோ.

அந்த நாலு நாளில்
மழை கூடாது. காற்று கூடாது.
என் முறை பகலாக இருக்கக் கூடாது.
வேலிக்கு அந்தப் பக்கம் ஸோண்டி அக்காவின் தேனீக்கள்,
பழைய கோப்பு அலமாரியில் குடியிருப்பவை,
வெளியே வந்திருக்கக் கூடாது.
எப்போது என்று அக்கா கேட்டாள்.
வியாழன், இருட்டியதும், என்றேன்.
துணியை எடுத்துவிடுகிறேன் என்றாள்.

வியாழன் மதியம் மலைக்காற்று இறங்கியது.
அடுப்பைத் திறந்தமாதிரி.
மாதம் தலைகீழாகக் கிடந்தாலும்
காற்று மட்டும் பழமொழியை மறக்கவில்லை.
அம்மி பறக்கவில்லை;
கீழ்த்தெருவில் ஒரு தகரக்கூரை போயிற்று,
மூன்று வீட்டுத் துணியும் ஒரே மரத்தில்.
கலக்கி வைத்த செம்பு மருந்து
வாளியில் நீலமாய், ஆடாமல்,
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விடியற்காலை நாலரைக்குக் காற்று நின்றது.
இரவு முறை முடிந்து வந்த தயாளன்
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் டார்ச் பிடித்தார்.
அவருடைய மழைக்கோட்டு, பையனின் நீச்சல் கண்ணாடி,
முதுகில் பதினாறு லிட்டர்.
துணிக்கொடி மரம் இன்னும் மொட்டு.
கிளை நுனியிலிருந்து சொட்டும்வரை நனைத்தேன்.

அவசரக்காரியிடம் வந்தோம்.
மேலே பார், என்றார்.
ஒரே இரவில் உச்சி முழுக்கத் திறந்து கிடந்தது,
டார்ச் வெளிச்சத்தில் வெட்கமில்லாத இளஞ்சிவப்பு.
கீழ்க்கிளைகள் மட்டும் மூடியிருந்தன.
குனிந்து, நிமிர்ந்து,
தோள் உயரம் வரை அடித்தேன்.
கிழக்கு வெளுக்கத் தொடங்கியதும்
ஒரு தேனீ, ஒன்றே ஒன்று,
வேலியைத் தாண்டி வந்து
உச்சிப் பூவைச் சுற்றியது.
குழாயை மூடினேன்.
தொட்டியில் பாதி மிச்சம்.

புரட்டாசியில் இலை விட்டபோது
மரத்தின் நடுவே கோடு கிழித்தாற்போல் இருந்தது.
கீழே பச்சை, நேரான இலைகள்.
மேலே அப்பளம்.
கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன்.
சரியாக என் தோள்.

பழ ஈக்குப் பொறி கட்டப்போன அன்று
டப்பா கண்ணில் பட்டது.
ஆஃப்ரிகான்ஸுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது.
பேனாவால் எழுதினேன்:
ஆடிப்பெருக்குக்கு முன்.
கராஜ் மரம் முதலில்.
வியாழன் வரை காத்திருக்காதே.