இடுப்பு வரை கண்ணாடி

கல்மண்டபத்தில், முட்டை மண்டிக்கு மேல்மாடியில்
எங்கள் ஜிம்.
கண்ணாடிக்கு முன்னால் டம்பெல் ஸ்டாண்டை வைத்துவிட்டார்கள்,
அதனால் எவனுக்கும் இடுப்புக்குக் கீழே தெரியாது.
தெரியாத ஊருக்கு எதற்கு ரோடு என்று
நான்கு வருஷம் மேலேயே கட்டினேன்.

திங்கள் மார்பு.
செவ்வாய் தோள்.
புதன், முதுகு என்று சொல்லிக்கொண்டு மறுபடி மார்பு.
வியாழன் கால்.
வியாழன்தோறும் எனக்குத் தலைவலி.

காற்றே அசையாத மே மாத ராயபுரத்தில்
கடலுக்கே வியர்க்கிற மதியத்திலும்
நான் ட்ராக் பேண்ட்தான்.
காசிமேட்டில் பையன்கள் குதித்துக் குளிக்கும்போது
சளி என்பேன்.
மேலே கையில்லாத பனியன்,
கீழே கணுக்கால் வரை மூடிய ரகசியம்.

தங்கச்சி ஃப்ளாரன்ஸுக்கு ஜனவரியில் கல்யாணம்.
ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்து
எம்.சி. ரோட்டு உள்சந்தில் யாகூபிடம் போனேன்.
ஒன்பதாவது வரை நாங்கள் ஒரே பெஞ்ச்.
டேப்பை மார்பில் சுற்றி நாற்பத்துநாலு என்றான்,
மரியாதையாக எழுதிக்கொண்டான்.
குனிந்து தொடையைச் சுற்றினான்.
நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.
"பத்தொம்பது.
டேய் எட்வின், இது ஒரு ஆளுக்கா, ரெண்டு ஆளுக்கா?
பில்லு ஒண்ணாவே போட்டுடட்டா?"
காஜா எடுக்கிற பையன்
ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

அடுத்த நாள் வியாழன்.
தலைவலி வரவில்லை.

தட்டு மாட்டாத வெறுங்கம்பி, இருபது கிலோ.
படுத்துக்கொண்டு நூறைத் தள்ளுகிறவன்
இருபதைத் தோளில் வைத்து
உட்கார்ந்து எழத் தெரியாமல் நின்றேன்.
முட்டி உள்ளே மடங்கியது,
குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது.
பக்கத்துக் கம்பியில் ரேணுகா,
ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்,
அறுபது கிலோவோடு கீழே போய்
ஒரு நொடி இருந்து
பஸ்ஸில் யாருக்கோ சீட் கொடுக்கிறவள் போல
அலட்டாமல் எழுந்தாள்.
என்னைப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

மறுநாள் பீச் ஸ்டேஷன் படியில்
நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன்.
வீட்டில் இந்தியன் கக்கூஸ்;
அதை எழுத வேண்டாம்.
குழாயைப் பிடித்துக்கொண்டு ஏசுவை அழைத்தேன், அவ்வளவுதான்.

மார்பை இடித்துத் தள்ளவில்லை.
வாரம் ஒருநாள் வாடகை மாதிரி
அதற்குரியதைக் கட்டிவிட்டு வந்தேன்.
மிச்ச காசெல்லாம் கீழ்வீட்டுக்கு.
கம்பியில் முதலில் அஞ்சஞ்சு கிலோ,
புரட்டாசியில் பத்துப்பத்து.
கெண்டைக்கால் மட்டும்
எங்கள் தெரு கவுன்சிலர் மாதிரி,
எத்தனை தடவை போய் நின்றாலும்
பார்க்கலாம் என்றே சொன்னது.

வளர்ந்ததா என்று எனக்குத் தெரியாது.
கண்ணாடியில்தான் கீழ்ப்பக்கம் இல்லையே.
நவம்பரில் ஒருநாள், நல்ல மழை,
கொருக்குப்பேட்டை தாண்டி ரயில் திடீரென்று பிரேக் போட்டது.
பெட்டி முழுக்க ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.
என் கை கம்பியைத் தேடவில்லை.
அதை ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தேன்,
தண்டையார்பேட்டையில் இறங்க வேண்டியவன்
பேசின் பிரிட்ஜ் வரை போய்விட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி
பேண்ட் தொடையில் நின்றுவிட்டது,
அதற்கு மேல் ஏற மாட்டேன் என்றது.
லுங்கியோடு ஓடினேன்.
யாகூப் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான்.
திட்டவில்லை. பேண்ட்டை உள்பக்கம் திருப்பி
விளக்கருகே பிடித்தான்.
தொடைத் தையலில் இரண்டு பக்கமும்
இரண்டு விரல் துணி
மடித்துக் காத்திருந்தது.

கோட்டில் எவ்வளவு விட்டிருக்கே என்றேன்.
நூலைப் பல்லில் கடித்தபடி சொன்னான்:
"அங்க எதுக்குடா."