ஒன்றரை யுனிட்

பொத்துவிலுக்கும் ஓட்டமாவடிக்கும் இடையில்
தலையணை விற்கிறவன் நான்.
பட்டா லொறி, இலவம்பஞ்சு, மேலே கயிறு,
கயிற்றுக்கும் மேலே மாசி.
மாசி என்பது பூனை.
மாசித்துண்டு ஒன்றைக் களவெடுத்து ஓடிவந்து
வாழைச்சேனையில் ஏறியது. இறங்கவில்லை.

சீனி வருத்தமாம்.
கல்லடியில் மிருக டொக்டர் தவசீலி சொன்னார்:
"காலையில ஆறு, பின்னேரம் ஆறு.
ஒன்றரை யுனிட்.
முதல்ல தீன், மறுகாதான் ஊசி.
வீடு எங்க?"
ஜன்னலுக்கு வெளியே காட்டினேன்.
லொறியைப் பார்த்தார்.
விலாசம் எழுதாமல் பேனையை மூடினார்.

ஒன்றரைக்குச் சிரிஞ்சில் கோடில்லை.
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே
மூச்சைப் பிடித்துக்கொண்டு
இடம் பிடிக்க வேண்டும்,
சலூன்காரன் கிருதா ஒதுக்குகிற மாதிரி.

மருந்துக்குக் குளிர் வேண்டும், உறையவும் கூடாது.
கல்முனை மீன் சந்தையில் ஐஸ் வாங்கி
ரெஜிபோம் பெட்டியில் கொட்டி
மேலே ஈரச் சாறன்,
சாறனுக்கு மேலே போத்தல்.
வெயில் ஏறினால் அதுவும் போதாது.
நிந்தவூரில் ஆதம்லெவ்வையின் சாப்பாட்டுக் கடை,
பிரிட்ஜில் தயிர்ச்சட்டிக்கும் சோடாவுக்கும் நடுவில்
ஒரு பகலுக்கு இடம் கேட்டேன்.
"உங்களுக்கா?"
ஓம் என்றேன்.
பூனைக்கென்றால் தயிருக்குப் பக்கத்தில் யார் வைப்பார்?
அன்றிலிருந்து எனக்குச் சீனி போடாத பிளேன்ரீ.
ஒருநாள் பாகற்காய் அவித்த தண்ணீரும் தந்தார்.
குடித்தேன்.

காலை ஆறு லேசு.
சுபஹு தொழுது வரும்போதே கிண்ணத்தைத் தட்டும்.
அவித்த சூரை, உப்பில்லை.
அது குனிந்து தின்னும் நேரம்
பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி
ஒரு குத்து.
மீனை விட்டு நிமிராது.

பின்னேரம் ஆறுதான் கரைச்சல்.
கோமாரிக்கு இப்பால் ஒரு சோதனைச் சாவடி,
ரோச் வெளிச்சம் பெட்டிக்குள் இறங்கியது.
"என்ன இது?"
"ஐஸ்."
சொன்ன பிறகு நாக்கைக் கடித்தேன்.
பெட்டி நிறைய ஐஸ்,
பக்கத்தில் சிரிஞ்சு பன்னிரண்டு,
உள்ளே என்ன இருக்குமோ தெரியாத தலையணை நாற்பது.
இறக்கு என்றார்கள். இறக்கினேன்.
ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்கள்,
கலியாணத்துக்கு எடுக்கிறவர்கள்போல.
இரண்டைக் கிழித்தார்கள்.
பஞ்சு எழும்பிக் கடல் பக்கம் போயிற்று.

ஆறு பத்து. ஆறு இருபது.
"சேர், நேரம் போகுது."
"ஆருக்கு?"
மாசி இறங்கி வந்து
சப்பாத்தொன்றை மோந்து
அதன்மேலேயே குந்தியது.

ஒருவர் கிண்ணத்தைப் பிடித்தார்,
ஒருவர் ரோச்சைப் பிடித்தார்.
நான் ஒன்றரையைத் தேடினேன்.
"கொஞ்சம் கூட" என்றார் ரோச்சுக்காரர்.
ஒரு சொட்டுத் தள்ளினேன்.
"இப்ப சரி."
அவ்வளவு துல்லியமாக
நான் ஒருநாளும் போட்டதில்லை.
கிழிந்த இரண்டுக்கும் காசு தரவில்லை.

ஆனால் நான் பயந்தது வேறொரு இரவு.
நிந்தவூர், கடைக்கு முன்னால் லொறி.
ஊசிக்குப் பிறகு தின்றதையெல்லாம் சத்தி எடுத்தது மாசி.
பின்கால் பின்னியது.
கண் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தது.
சீனி வேண்டும், உடனே.
லொறியில் ஒரு மணி இல்லை.
கதவைத் தட்டினேன்.
"காக்கா, கொஞ்சம் சீனி."
ஆதம்லெவ்வை சாறனை இறுக்கிக் கட்டியபடி
"தர மாட்டன்" என்றார்.
"பாவமெல்லாம் பார்க்க ஏலாது,
இந்த வருத்தத்தோட சீனி கேட்கிறீங்களே,
வெட்கமில்லையா?"

"எனக்கில்ல காக்கா, பூனைக்கு.
ஊசி, மருந்து எல்லாம் பூனைக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை
இன்னும் முழுக்கப் பார்த்து முடியவில்லை.
உள்ளே போனார்.
தேன் போத்தலோடு வந்தார்.
விரலில் தொட்டு முரசில் தேய்த்தேன்,
தேய்த்தேன்,
கொசு கடித்த இடமெல்லாம் தேன்.
பக்கத்தில் அவர் பேசாமல் குந்தியிருந்தார்.
ஒரு மணிக்கு மாசி
என் விரலைக் கடித்தது.

விடிந்து பிரிட்ஜைத் திறந்தேன்.
தயிர்ச்சட்டி கீழ்த் தட்டுக்கு இறங்கியிருந்தது.
போத்தல் இருந்த இடத்திலேயே.
பிளேன்ரீ வந்தது.
ஒரு வாய்.
சீனி போட்டிருந்தார்,
குடிக்க முடியாத இனிப்பு.