கூப்பிடு தூரம்

போயா நாள். கிளினிக் பூட்டு.
நோர்வூட் பாலத்தடியில் டயரை அமுக்கிப் பார்த்து
ஆறே காலுக்கு ஏறினேன்.
வார நாளில் ஸ்கூட்டியும் தராசும்
தடுப்பூசிப் பெட்டியுமாய்ப் போகிற அதே றோட்டுத்தான்.
இன்றைக்கு ஒரு போத்தல் தண்ணீர்,
இரண்டு வாழைப்பழம்,
யாரோ கொழும்புக்காரர் ஓடி அலுத்து
என் சீட்டுக் காசுக்கு இறங்கி வந்த
மெல்லிய டயர் சைக்கிள்.

காஸல்ரீ நீர்த்தேக்கத்துக்கு விரல்கள் அதிகம்.
றோட்டு ஒவ்வொரு விரலின் நுனிவரை போய்
மதகைத் தொட்டுத் திரும்பி
அடுத்த விரலுக்குப் போகும்,
கையுறை தைக்கிறவளின் ஊசி மாதிரி.
தொடை முறைப்பாடு சொல்கிற அளவுக்கு ஏற்றம்.
மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு இறக்கம்.

வளைவுகளுக்கு நானே பெயர் வைத்திருக்கிறேன்.
கால் முதலில் வந்த பிள்ளையின் வளைவு.
இரட்டையர் வளைவு.
அம்புலன்ஸ் வர முந்தியே அழுதவளின் வளைவு.
ஒன்றுக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை.
அங்கே வரும்போதெல்லாம்
கியர் மாற்றுவதில் எனக்குக் கவனம்.

தண்ணீர் வடிந்த கரையில்
செம்மண்ணை வெட்டிப் பாத்தி கட்டியிருக்கிறார்கள்:
லீக்ஸ், கரட், வேலியோரம் கொஞ்சம் போஞ்சி.
அடுத்த மழைக்கு டேம் நிறைந்தால் எல்லாம் மீனுக்கு.
தெரிந்துதான் நடுகிறார்கள்.

அந்தக் கரையிலிருந்து சத்தம் வந்தது:
"மிஸ்ஸோய்! கரட் வேணுமா?"
யோகமலர். தலையில் சிவப்பு வாளி.
"வேணாம்" என்று கத்தினேன்.
நடுவெழுத்தைத் தண்ணீர் மாற்றிவிட்டது.
"சரி மிஸ், வாங்க!" என்று அவள் குனிந்து பிடுங்கத் தொடங்கினாள்.

கூப்பிடு தூரம் என்பார்கள்.
கூப்பிட்டால் கேட்கும்; கல்லெறிந்தால் எட்டாது;
றோட்டால் போனால் ஏழு கிலோமீட்டர்.

மிதித்தேன்.
ஹட்டன் பஸ் ஒன்று தோளை உரசப் பார்த்தது.
தூண்டில் போட்ட பையன்கள்
என் காற்சட்டையைப் பார்த்துச் சிரித்து
பிறகு கியரைப் பார்த்து வாய் மூடினார்கள்.
ஒரு வளைவில் யோகமலர் சற்றுப் பெரிதானாள்,
அடுத்ததில் மறைந்தாள்,
பிறகு வாளி மட்டும் தெரிந்தது.

போய்ச் சேர்ந்தபோது கரட் கழுவி முடிந்து
தண்டவாளக் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.
கூடவே கேட்காத லீக்ஸ் கட்டு.
"கூடை இல்லாத சைக்கிளா? எவ்வளவுக்கு எடுத்தீங்க?"
பாதி விலைதான் சொன்னேன்.
"அதுக்கா!" என்று நெஞ்சில் கை வைத்தாள்.
"மகன்?"
"அந்தா" என்றாள். பாத்தி நடுவே
கிருஷ்மிதன் மண்ணோடு ஒரு கரட்டைக் கடித்தபடி.

பனியனின் முதுகுப் பைகளில் கரட்டை அடைத்து
லீக்ஸை நிமிர்த்திச் செருகினாள்,
அம்பறாத்தூணி மாதிரி.
பையை ஏந்திப் பார்த்த கை தானாகச் சொன்னது:
இரண்டு கிலோ எழுநூறு.
பிள்ளையென்றால் 'நன்று' என்று எழுதியிருப்பேன்.
காசு வாங்கவில்லை.

திரும்பும் வழியில் பெயரில்லாத வளைவு.
எழுந்து நின்று மிதித்ததில்
ஒரு லீக்ஸ் நழுவி விழுந்தது.
முதல் தடவையாக அங்கே காலூன்றினேன்.

அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.
வந்து எடுத்து, வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டி
என்னிடம் நீட்டினாள்.
"நீங்களே வச்சிக்கோங்க."
"ஒண்ணை வச்சு என்ன மிஸ் செய்றது?"
சிரிப்பில்லை. கோபமும் இல்லை.

என்ன சொல்வதென்று தெரியாமல்
முதுகைத் திருப்பிக் காட்டினேன்.
ஈர விரல்கள்
அவசரமில்லாமல் தேடி
இன்னும் இரண்டை உருவின.
கொஞ்சம் நின்று,
ஒரு கரட்டும்.

"பிளேன்டீ?" என்றாள்.
"அடுத்த முறை" என்றேன்.
அடுத்த முறை என்று சொன்னது
எனக்கே கேட்டது.
பெரிய கியரிலேயே கிடந்தது செயின்.
மாற்றத் தோன்றவில்லை.
அப்படியே ஏறினேன், கனமாக,
முதுகில் மிச்ச லீக்ஸ்
காற்றுக்கு விசிறியபடி.