பதினொரு நிமிடத் தாமதம்

தாமதத்துக்கான காரணம் என்று
படிவத்தில் ஒரு கட்டம்.
கட்டைவிரல் நகம் அளவு.
பனி, மின்தடை, தண்டவாளத்தில் நின்ற கார்:
இவற்றுக்கெல்லாம் அது போதும்.

டிராம் ஓட்டுநர் அனேட்டா குரூக்,
போஸ்னான் பணிமனை, காலை முறை,
பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

நடந்தது இதுதான்.
ஆற்றுப் பாலம் ஏறும்போதே
உள்ளே யாரோ ஈரத்துணியைப் பிழிய ஆரம்பித்தார்கள்.
பாலத்தில் நிறுத்த முடியாது.
பற்களை இறுக்கி
அடுத்த நிறுத்தத்தில் கதவுகளைத் திறந்தாள்,
பிரேக்கைப் பூட்டினாள், சாவியை உருவினாள்,
நாற்பது பேரை அப்படியே விட்டுவிட்டு
எதிரே இருந்த ரொட்டிக்கடைக்குள் ஓடினாள்.
கடைக்காரி ஒன்றும் கேட்கவில்லை.
மாவு அப்பிய கையால் பின்கதவைக் காட்டினாள்.

திரும்பியபோது
ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
இன்னொருவர், சிகரெட், வேறென்ன, என்றார்.
அவள் மறுக்கவில்லை.
சிகரெட் என்றால் ஊர் மன்னித்துவிடும்.

ஒன்பது வருடம்.
முதல் மருத்துவர் நரம்பு என்றார்.
அடுத்தவர், குழந்தை பெற்றால் சரியாகும் என்றார்;
இரண்டு பெற்றாள்.
மூன்றாமவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு
எல்லாம் சுத்தம், ஒன்றுமில்லை என்றார்.
மகிழ வேண்டிய செய்திதான்.
வண்டி நிறுத்துமிடத்தில், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள்.
ஒன்றுமில்லாததா
இடுப்புப் பொத்தானைத் தெறிக்க வைக்கிறது?

மால்வினா யாகூப்ச்சாக்தான் முதலில் கேட்டாள்:
"மாதவிலக்குக்கு எத்தனை நாள் முன்னால் கூடுகிறது?"
ஒன்பது வருடத்தில் எவரும் கேட்காத கேள்வி.
விரல் விட்டு எண்ணினாள் அனேட்டா.
இரண்டு நாள்.
எப்போதும் இரண்டு நாள்.

ரத்தம் எடுத்தார்கள், கோதுமை ஒவ்வாமை இல்லை.
பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள் மால்வினா:
எரிச்சல் கொண்ட குடல்.
அனேட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எரிச்சல்காரி என்று அவளைச் சொல்வார்கள்,
இப்போது அந்த ஒரு சாண் வயிற்றுக்குமா?

"குடலும் மூளையும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன," என்றாள் மால்வினா.
"உங்களுக்கு அந்தப் பேச்சு சத்தமாகக் கேட்கிறது."

இது அனேட்டாவுக்குத் தெரியும்.
ஜனவரிக் காலைகளில்
மேலே ஓடும் கம்பியில் உறைபனி பிடிக்கும்.
கம்பியில் குறையில்லை. வண்டியிலும் குறையில்லை.
இரண்டும் தொடுகிற இடத்தில்
நீலமாகப் பொறி பறக்கும்.
தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து பயப்படுவார்கள்.
ஓட்டுகிறவள் பயப்பட மாட்டாள்,
வேகத்தைக் குறைப்பாள்.

சமையலறை ஆணியில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம்.
வெங்காயம் போனது. பூண்டு போனது.
கம்பு ரொட்டி போனபோது
தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு டிராம் ஓட்டுகிறாயா என்றாள் மாமியார்.
ஆறு வாரம்.
பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கூப்பிட்டாள்;
காலம் முழுக்க வயிற்றைக் கட்டிப் போட அல்ல,
யார் குற்றவாளி என்று தெரிந்துகொள்ளத்தான்.
ஆப்பிள் மூன்றாம் நாளே மாட்டிக்கொண்டது.
முட்டைகோஸ், ஒரு கரண்டி என்றால் சமாதானம்.
பூண்டு தாளித்து வடித்த எண்ணெய், பரவாயில்லை.
புதினா எண்ணெய் மாத்திரை, சில நாள் கேட்கும்,
சில நாள் நெஞ்சைக் கரிக்கும்.
முறை மாற்ற வாரம்: எதுவும் கேட்காது.

கடைசிப் பக்கத்தில் மால்வினாவின் கையெழுத்து:
ரத்தம் போனால், எடை தானாகக் குறைந்தால்,
தூக்கத்தைக் கலைத்து எழுப்பினால்,
நோட்டில் எழுதாதீர்கள். இங்கே வாருங்கள்.

அப்படியும் இன்றைய பாலம்.
இருபத்தாறாம் நாள், உறக்கம் நான்கு மணி நேரம்,
இளையவனுக்குக் காய்ச்சல்.
கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.
கணக்கு தெரிந்தால்
வயிறு வலிக்காமல் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே.

இதற்கு முன் நான்கு தடவை
இந்தக் கட்டத்தில் 'கதவுப் பழுது' என்று எழுதியிருக்கிறாள்.
பணிமனை ஆட்கள் நான்கு தடவையும்
அந்த நடுக்கதவைக் கழற்றி, எண்ணெய் போட்டு,
விளக்கடித்து உள்ளே பார்த்து,
எழுதி வைத்திருக்கிறார்கள்:
எல்லாம் சுத்தம், ஒன்றுமில்லை.

பாவம், அந்தக் கதவு.

அனேட்டா எழுதத் தொடங்குகிறாள்.
எழுத்து கட்டத்தைத் தாண்டி
ஓரத்துக்குப் போகிறது,
அங்கும் இடம் போதாமல்
தாளைத் திருப்புகிறாள்.